புத்தி சொல்லுதலும் தேற்றுதலும்

கிரேக்க மொழியில் 'பரக்காலேயோ' என்றொரு வினைச்சொல் உண்டு. அருகே அழைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். அருகே அழைத்து அமர்த்திய பின் ஒருவரிடம் சொல்லத்தக்கவை யாவும், தேற்றுதல், வேண்டுதல், ஊக்குதல், அறிவுறுத்தல் என எதுவாயினும், அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். புதிய ஏற்பாட்டில் இச்சொல்லும் இதன் கிளைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகின்றன. தமிழ்க் கிறித்தவர்களுக்குப் பழகிப்போன பழைய மொழிபெயர்ப்பு (1871இல் ஹென்றி பவர் குழுவினர் வெளியிட்டது) இடத்திற்கேற்ப இதற்கு வெவ்வேறு தமிழ்ச் சொற்களை வைத்திருக்கிறது. பர்னபா என்னும் அடியாரின் பெயருக்குப் பொருள் கூறுமிடத்தில் 'ஆறுதல்' என்கிறது. தூய ஆவியானவரைக் குறிக்குமிடத்தில் 'தேற்றரவாளன்' என்று ஓர் அழகிய சொல்லைத் தருகிறது. எபிரெயர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், அடியார்கள் நாள்தோறும் தமக்குள் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய கடமையைக் கூறுமிடத்திலோ, 'புத்திசொல்லுதல்' என்றாகிவிடுகிறது.

மொழிபெயர்த்தவர்களை நாம் குறை கூறவில்லை. அக்காலத் தமிழில் புத்தி சொல்லுதல் என்பது அன்போடு வழிகாட்டுதலைக் குறித்திருக்கக் கூடும். ஆனால் நம் தெருவழக்கில் அச்சொல்லுக்கு நேர்ந்த கதியை யாவரும் அறிவோம். "இவனக் கூப்பிட்டு நாலு வார்த்த புத்தி சொல்லுங்க" என்று ஒரு தாய் சொன்னால் அந்தப் பையனின் முகம் எப்படிப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். ஊக்கமூட்டுதல் என்ற ஒரு தினப்படிக் கடமை, தலைமுறை தலைமுறையாக, புத்தி சொல்லுதல் என்ற பெயரோடு நம் சபைகளுக்குள் நடமாடி வந்திருக்கிறது. பெயர் செயலைத் தன் பக்கம் சிறிது இழுத்துவிட்டதோ என்பது நம் நெடுநாளைய ஐயம். சொல்லாராய்ச்சி செய்து பிழைப்பவர்களுக்கு எல்லாவற்றிலும் சொல்லே காரணமாகத் தெரியும் என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும்.

ஐயத்திற்குக் காரணம் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு சூன் திங்களில் நம் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். வலப்பக்கம் முழுதும் செயலிழந்து, பேச்சும் போயிற்று. நாற்பதாண்டு காலம் பள்ளிக்கூடத்தில் உரத்துப் பேசியே வாழ்ந்த மனிதர். ஏழு திங்கள் அவ்வாறு கிடந்து அடுத்த சனவரியில் காலமானார். அந்த ஏழு திங்களில் வீட்டிற்கு வந்து சென்றவர்களை எண்ணி முடியாது. கிறித்தவக் குடும்பங்களில் நோயாளியைப் பார்க்கச் செல்வோர் வெறுங்கையோடு போனாலும் ஜெபமின்றித் திரும்புவதில்லை. வேதவசனம் ஒன்றைச் சொல்லி, கண்மூடி ஜெபித்து, காப்பி அருந்திச் செல்வர். அவர்களுள் பெரும்பாலோர் மெய்யன்போடு வந்தவர்களே. அவர்கள் பேசியதில் நினைவில் நிற்பது ஒன்றும் இல்லை என்றாலும், அவர்கள் வந்தது நினைவில் நிற்கிறது.

நினைவில் நிற்கும் பேச்சு இரண்டு. ஊழியர் ஒருவர் வந்தார். கட்டிலின் அருகே நின்றவாறே, விசுவாசம் குறைவுபட்டிருப்பதால்தான் சுகம் தாமதமாகிறது என்றும், மறைவான பாவம் ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கும்படியும் கூறினார். அவர் தீய எண்ணத்தோடு பேசினார் என்று சொல்ல மாட்டோம். ஊக்கமூட்டுவதாகவே அவர் கருதியிருக்க வேண்டும். பதில் கூற நாவில்லாத ஒரு மனிதரின் இடக்கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியதை நம் தாயார் முந்தானையால் துடைத்தார். அதைக் கண்ட ஊழியர், ஆவியானவர் உள்ளத்தைத் தொடுகிறார் என்றார்.

மற்றொருவர், ஓய்வு பெற்ற தபால்காரர். தந்தையாரோடு ஒரே கோயிலில் பாட்டுப் பாடியவர். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் காலை ஒன்பது மணிக்கு வருவார். வசனம் சொன்னதாக நினைவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை உரக்க வாசிப்பார். ஊர்ச் செய்தி, தேர்தல் செய்தி எல்லாம் முடிந்து, அணைகளின் நீர்மட்டத்திற்கு வருவார். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி என்பது தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு வாய்பாடு போன்றது. "வாத்தியாரே, நேத்தைக்கு ரெண்டு அடி ஏறிருக்கு. இந்த வருசம் நெறஞ்சிருமா? என்ன சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருப்பார். தந்தையார் இடக்கையை மெல்லத் தூக்கி, நிறையாது என்று ஆட்டுவார். "போன வருசமும் இப்படித்தான் சொன்னிய!" என்று இவர் சண்டைக்கு நிற்பார். அந்த ஏழு திங்களில் நம் தந்தையார் சிரித்ததை நாம் கண்டது அந்தச் சண்டைகளின்போது மட்டுமே.

பிறர் யாவரும் நோயாளியிடம் பேசினார்கள். தபால்காரர் ஒருவரே அவரிடம் கேட்டார். கருத்துக் கூறத் தகுந்த ஒரு மனிதர் இன்னும் அந்தக் கட்டிலில் இருக்கிறார் என்று வாரம் இருமுறை அவருக்கு நினைவூட்டிச் சென்றார். யோபுவின் நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு வாய்திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வேதம் கூறுகிறது. அந்த ஏழு நாளோடு எழுந்து போயிருந்தால் உலகின் மிகச் சிறந்த நண்பர்கள் என்று பெயர் பெற்றிருப்பார்கள். எட்டாம் நாள் புத்தி சொல்லத் தொடங்கினார்கள்.

இவ்விடத்தில் வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றி ஒரு சொல். கிறித்தவர் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறோம்: ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில், வேதத்தில் இறைவன் அருளிய உறுதிமொழிகளை ஒவ்வொன்றாக அச்சிட்ட சிறு அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம், அது அவ்வாண்டு முழுமைக்கும் நமக்குரிய வசனம். இனிய வழக்கம்தான். ஆனால் எத்தனையோ ஆண்டுகள் எடுத்தும், உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்ற பொருளுடைய வசனத்தின் முன்பாதி அச்சிடப்பட்ட அட்டை ஒருமுறையும் நம் கைக்கு வந்ததில்லை. அச்சகத்தாரைக் கேட்டால் அது விற்காது என்பார்கள். உண்மைதான். ஆயினும் இந்த அட்டையின் மொழி நம் அன்றாடப் பேச்சிலும் புகுந்துவிட்டது. வேலை போனவனிடம், கருச்சிதைவுற்ற பெண்ணிடம், ஓர் அட்டையை எடுத்து நீட்டுவது போல ஒரு வசனத்தை நீட்டிவிட்டு நகர்கிறோம். வசனம் மெய்தான். நீட்டிய கைக்கு எதிரே இருக்கும் முகம் தெரிவதில்லை.

பர்னபாவுக்கு வருவோம். அவர் இயற்பெயர் யோசே. சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியர். பர்னபா என்பது அப்போஸ்தலர் இட்ட பெயர். அவர் ஆற்றிய சொற்பொழிவு என்று தனியாக ஒன்றுகூட அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதப்படவில்லை என்பது நமக்கு மிகுந்த வியப்பைத் தருவது. பேதுருவுக்கு உண்டு, ஸ்தேவானுக்கு ஓர் அதிகாரம் முழுதும் உண்டு, பவுலுக்கு ஏராளம். ஆறுதலின் மகன் என்று பெயர் பெற்றவர் என்ன சொல்லித் தேற்றினார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை, செயல்களே உள. நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார். சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது, நேற்றுவரை தங்களைச் சிறையிலடைத்தவனை எவரும் நம்பவில்லை. வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று அஞ்சினார்கள். பர்னபா அவனைக் கையோடு அழைத்துச் சென்று அப்போஸ்தலர் முன் நிறுத்தி, இவனுக்கு வழியில் நேர்ந்தது இன்னது என்று எடுத்துரைத்தார். தம் நற்பெயரைப் பிணையாக வைத்தார் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அந்தச் சவுல் ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் பர்னபாவின் பெயரும் அன்றோடு போயிருக்கும்.

பின்பு அந்தியோகியாவில் சபை பெருகியபோது, தனியாகவே நடத்தியிருக்கக் கூடியவர், தர்சு பட்டணம் வரை போய்ச் சவுலைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். இருவரும் ஓராண்டு அங்கே போதித்தார்கள். சீடர்களுக்குக் கிறித்தவர்கள் என்ற பெயர் முதன்முதல் வழங்கியது அந்த ஊரில்தான். இதன்பின் நூலின் போக்கில் ஒரு சிறு மாற்றம் நிகழ்கிறது, பலர் கவனிப்பதில்லை. 'பர்னபாவும் சவுலும்' என்றே வந்துகொண்டிருந்த பெயர்வரிசை, பதின்மூன்றாம் அதிகாரத்தின் நடுவிலிருந்து பெரும்பாலும் 'பவுலும் பர்னபாவும்' என்று மாறிவிடுகிறது. அழைத்து வந்தவர் இரண்டாம் இடத்திற்குப் போய்விட்டார். அதுபற்றி அவர் முணுமுணுத்ததாக ஒரு குறிப்பும் இல்லை. பல்கலைக்கழகத் துறைகளில் இருந்து பழகியவர்களுக்கு இது எத்தனை அரிய செயல் என்பது விளங்கும்! (அவரும் குறையற்றவர் அல்லர். அந்தியோகியாவில் ஒருமுறை பிறரோடு சேர்ந்து புறவினத்தாரின் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார் என்று பவுலே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.)

நம் இலக்கிய மரபில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வாடி வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு நிறுத்தி, நான் பெற்றேன், நீயும் போ, வழி இன்னது, வழியில் உண்ணக் கிடைப்பது இன்னது, வாயிலில் நீ சொல்லவேண்டியது இன்னது என்று கூறும் அமைப்பு. இதில் நாம் கருதத்தக்கது ஒன்று: வழி கூறுபவனும் நேற்றுவரை பசித்துக் கிடந்தவனே. யாழ்ப்பாணத்துத் தமிழரான டி. டி. நைல்ஸ் (1908–1970) என்னும் இறையியலாளர், நற்செய்தி கூறுதல் என்பது அப்பம் கிடைக்குமிடத்தை ஒரு பிச்சைக்காரன் மற்றொரு பிச்சைக்காரனுக்குக் காட்டுவது என்ற கருத்துப்படச் சொன்னது உலகெங்கும் பரவியது. அதைச் சொன்னபோது ஆற்றுப்படை அவர் மனத்தில் இருந்ததா என்று துணிந்து கூற நம்மிடம் சான்றில்லை. ஆனால் தமிழ் மாணவன் ஒருவன் அதைக் கேட்டால் பெரும்பாணன் நினைவுக்கு வராமல் இரான்.

உயரத்தில் நின்று சொல்லும் நற்சொல் கீழே வருமுன் ஆறிவிடுகிறது. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக அருட்பணி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா பேசியதன் உட்கிடையும் இதுவே. மேலைநாட்டு ஊழியர்களின் ஈகையையும் தியாகத்தையும் நன்றியோடு எடுத்துக் கூறிவிட்டு, இவற்றோடு எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டார். அவையில் அப்பேச்சுச் சலசலப்பை உண்டாக்கிற்று. இரண்டாண்டுகளில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்னக்கலில் அமர்ந்தார்.

இது நிற்க. ஊக்கமூட்டுவதற்கும் முகத்துதிக்கும் வேறுபாடு என்ன என்று மாணவர் ஒருவர் நம்மை ஒருமுறை வினவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள். நூல் தொடங்குமுன் சாற்றுக்கவிகள் பக்கம் பக்கமாக நிற்கும். பாடியவரைப் பாடப்பட்டவர் மறுமுறை பாடுவார். அதனால் எவருக்கும் தீங்கில்லை, பயனும் இல்லை. நம் சபைகளிலும் அசன விருந்து, பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் பொன்னாடைகளுக்குக் குறைவிருப்பதில்லை. உற்று நோக்கினால் ஒன்று புலப்படும்: பாராட்டு வலியவர்களுக்கும், புத்தி எளியவர்களுக்குமாகப் பங்கிடப்படுகிறது. நன்கொடை தந்தவருக்கு மாலை. சந்தா பாக்கி வைத்த கைம்பெண்ணுக்கு அறிவுரை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இறுதியில் பவுல் வகுத்த பங்கீடு வேறு. புத்தி சொல்லவேண்டியது ஒழுங்கின்றித் திரிபவர்களுக்கு. மனம் சோர்ந்தவர்களைத் தேற்றவேண்டும். வலுவற்றவர்களைத் தாங்கவேண்டும். எல்லாரிடத்தும் பொறுமை வேண்டும். ஒருவருக்குரிய மருந்தை மற்றவருக்குக் கொடுத்தால் என்னவாகும் என்பதை நம் தந்தையாரின் கட்டிலருகே கண்டோம்.

மாணவருக்கு நாம் கூறிய விடை இதுதான்: முகத்துதி எவருக்கும் பொருந்தும், ஊக்கச்சொல் ஒருவருக்கே பொருந்தும். "நல்லா இருந்துச்சு பிரசங்கம்" என்பதை எந்தக் குருவானவரிடமும் சொல்லலாம். "நீங்க ரெண்டாவதா சொன்னத வச்சு நேத்து என் தம்பிகூடப் பேசினேன்யா, நாலு வருசத்துக்கு அப்புறம்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் குருவானவர் அடுத்த ஆண்டு முழுதும் அதை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வார்.

இவ்வகையில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் நினைவுக்கு வருகிறார். 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயாக இருந்தவர். 1931இல் தவறி விழுந்து அடிபட்டபின், 1951இல் மறையும்வரை ஏறத்தாழ இருபதாண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். அந்த அறையிலிருந்து உடன் ஊழியர்களுக்குச் சிறு சிறு கடிதங்களாக எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு அவற்றுள் சில தொகுக்கப்பட்டு நூலாகவும் வந்தன. நோயுற்றோருக்கென அவர் எழுதியவற்றில் ஒரு சிறப்பு உண்டு: நலமாயிருப்பவர் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் கடிதங்களின் தொனி அவருக்குப் பிடிக்காது என்பதை மறைக்கமாட்டார். வலியில் கிடப்பவரிடமிருந்து வலியில் கிடப்பவருக்குப் போகும் எழுத்து அவருடையது. தம் கல்லறையில் கல் நடவேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் நீரருந்தும் ஒரு தொட்டியை மட்டும் அங்கே வைத்தார்கள்.

பெரியோர்களையே கூறிக்கொண்டு போகிறோம். எளியவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். நமக்கு அறிமுகமான கிராமத்துச் சபையொன்றில் இளைஞர் ஒருவர் குருத்துவப் படிப்புக்குப் போனார். ஊரே கூடி வழியனுப்பிற்று. ஒன்றரை ஆண்டில் படிப்பை விட்டுத் திரும்பி வந்துவிட்டார். காரணத்தை அவர் எவரிடமும் கூறவில்லை. கோயிலுக்கு வந்தால் கடைசிப் பாயில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுவார். சிலர் அவரை நிறுத்திப் புத்தி சொன்னார்கள். சிலர், கர்த்தருடைய சித்தம் வேறாக இருக்கும் என்றார்கள். பெரும்பாலோர் அவரைக் காணாதது போல் இருந்தார்கள். அதைத்தான் அவர் தாயாரால் தாங்க முடியவில்லை.

அந்தக் கோயிலில் மணியடித்து, பெருக்கி, விளக்கேற்றும் பணியாளரை (எங்கள் பக்கத்தில் கோயில்குட்டியார் என்பார்கள்) அறுபதைக் கடந்தவர் என்று சொல்லலாம். திசம்பர் முதல் வாரத்தில் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டவேண்டும். அவர் நேரே அந்த இளைஞரின் வீட்டு வாசலில் போய் நின்றார். "ஏணி ஆடுது தம்பி. நீ கீழ நின்னு பிடிச்சேன்னா எனக்குப் பயமில்ல."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இளைஞரின் படிப்பைப் பற்றியோ, இறைச்சித்தத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதில் நடிப்பும் இல்லை. ஏணி உள்ளபடியே ஆடும் ஏணிதான், முந்தின ஆண்டு அவர் அதிலிருந்து சறுக்கியவர்தான். நட்சத்திரம் கட்டியாயிற்று. பிறகு குருத்தோலைக்குத் தென்னையேறக் கூப்பிட்டார். பிறகு, கண் மங்கிவிட்டது என்று, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டக் கூப்பிட்டார். பாட்டு எண் மாட்டுகிறவர் ஆராதனை முடியுமுன் எழுந்து போக முடியாதல்லவா? அந்த இளைஞர் இன்று ஒரு பள்ளியில் கணித ஆசிரியர். படிப்பை ஏன் விட்டார் என்பது இன்றுவரை நமக்கும் தெரியாது. கோயில்குட்டியாருக்குத் தெரியுமா என்றும் தெரியாது.

பர்னபாவின் கடைசிக் கதையும் பாதியில் திரும்பி வந்த ஒருவனைப் பற்றியதே. முதற்பயணத்தில் உடன் சென்ற மாற்கு என்னும் இளைஞன், பம்பிலியா நாட்டுப் பெர்கேயில் அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். காரணம் எழுதப்படவில்லை. மறுபயணத்துக்கு அவனை அழைத்துப் போகலாம் என்றார் பர்னபா. கூடாது என்றார் பவுல். பவுல் பக்கமும் நியாயம் இருந்தது. அஃது உயிரைப் பணயம் வைக்கும் பயணம். மாற்கு பர்னபாவுக்கு உறவினன் என்பதால் ஓரவஞ்சனை என்றும் சிலர் எண்ணியிருக்கலாம். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். பவுல் சீலாவோடு தரைவழியே சென்றார். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். அத்தோடு அப்போஸ்தலர் நடபடிகள் பர்னபாவை விட்டுவிடுகிறது. பிறகு அவர் பெயர் அந்நூலில் வருவதே இல்லை.

மாற்குவின் பெயர் வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், சிறையிலிருக்கும் பவுல் கேட்டு அனுப்புபவை மூன்று: துரோவாவில் விட்டு வந்த மேலங்கி, புத்தகங்கள், மாற்கு. அவன் தமக்குப் பயன்படுகிறவன் என்று காரணமும் எழுதுகிறார். இரண்டாம் சுவிசேஷத்தை எழுதியவரும் இவரே என்பது திருச்சபையின் தொன்மையான மரபு. அந்தக் கப்பலில் சீப்புரு போய்ச் சேரும்வரை பர்னபா அவனிடம் என்ன பேசிக்கொண்டு போனார் என்பதை லூக்கா எழுதவில்லை.